உஷார்! ஆஃபர் லெட்டரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டிய சேதி இது. பிள்ளை காலேஜ் கடைசி வருஷத்துக்கு வந்ததும் ஏஜென்ட் போன் போடுவார். “கனடா இன்டேக் முடியப்போகுது, இந்த வாரமே அட்வான்ஸ் கட்டிடுங்க.” வாட்ஸ்அப்பில் லோகோ போட்ட ஆஃபர் லெட்டர் வந்து விழும். ஷூ கம்பெனியில் அப்பர் தைத்து அம்மா சேர்த்த நகை அன்றைக்கே அடகுக் கடைக்குப் போய்விடும்.

பொறுங்கள். 2023-ல் அம்பலமான பஞ்சாப் விவகாரத்தைக் கேளுங்கள். ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர் தந்த அட்மிஷன் லெட்டர்கள் போலி. ஆனாலும் விசா கிடைத்தது, பிள்ளைகள் கனடாவில் இறங்கினார்கள். “அந்த காலேஜில் சீட் நிரம்பிவிட்டது, வேறு காலேஜில் சேர்ந்துகொள்” என்று சொல்லி, கட்டிய ஃபீஸைத் திருப்பியும் கொடுத்தார். பணமே திரும்பி வந்துவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? படித்து முடித்து, வேலைக்கும் போய், பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. விண்ணப்பத்தில் ஏஜென்ட் பெயரே இல்லை. மாணவர் தானே விண்ணப்பித்ததாகத்தான் இருந்தது.

2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு லெட்டரையும் கனடா அரசு அந்தந்த காலேஜிடமே கேட்டுச் சரிபார்க்கிறது. போலி என்றால் விசா கிடையாது. ஏஜென்டுக்குக் கொடுத்த பணம்?

அமெரிக்காவில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. வகுப்பில்லை, வாத்தியார் இல்லை. குடியேற்றத் துறையே விரித்து வைத்த வலை அது. 2019 ஜனவரியில் 129 இந்தியர்கள் கைதானார்கள். “கிளாஸுக்குப் போக வேண்டாம், நேரா வேலைக்குப் போகலாம்” என்று எவர் சொன்னாலும் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 சட்டப்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். படிக்க அனுப்புபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். லெட்டரில் அச்சிட்ட மெயிலுக்கு எழுதாதீர்கள். காலேஜ் இணையதளத்தில் அட்மிஷன் ஆபீஸ் முகவரியைத் தேடி எடுத்து, லெட்டரில் உள்ள மாணவர் எண்ணைக் குறிப்பிட்டு, இது உங்களுடையதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூட வேண்டாம். விசா விண்ணப்பத்தின் பாஸ்வேர்டும் பிள்ளையிடமே இருக்கட்டும்.

லெதர்தான் படிக்க வேண்டுமென்றால் சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எல்.ஆர்.ஐ.) இருக்கிறது. கமிஷன் கிடைக்காத இடம், ஏஜென்ட் வாயில் அந்தப் பெயர் வராது.

வெளிநாடு வேண்டாம், உள்நாட்டிலேயே ஒரு செமஸ்டர் வேறு காலேஜில் படிக்கலாம் என்கிறார்களா? அதிலும் கவனம். கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021 முதல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இருக்கிறது. ஆனால் அதில் ஏறியதெல்லாம் உங்கள் டிகிரியில் தானாக வந்து உட்காராது. எந்தப் பேப்பருக்குப் பதில் எந்தப் பேப்பர் என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம். இல்லையென்றால் சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில். ஹெச்.ஓ.டி. வாயால் சொன்ன “பார்த்துக்கலாம்பா” மார்க் ஷீட்டில் ஏறாது.