மூன்று பூட்டுப் போட்ட பென்ஷன்

பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்கு நம் வீடுகளில் உள்ள மதிப்பே தனி. மாதம் பிறந்ததும் பேரனுக்கு மிட்டாய், பேத்திக்கு ரிப்பன், பாட்டிக்குத் தைலம், தமக்கு ஒரு டப்பி மூக்குப்பொடி, இவ்வளவும் போக மருமகளிடம் காய்கறிச் செலவுக்கு என்று ஒரு தொகையையும் கொடுத்து விடுகிறார். வயோதிக காலத்தில் பிறர் கையை எதிர்பாராமல் இருப்பதைக் காட்டிலும் பெரிய சௌக்கியம் உலகில் வேறென்ன இருக்கிறது?

இந்தச் சௌக்கியம் உத்தியோகம் பார்த்தவர்களோடு நின்று விடலாகாது, உழைத்து ஓய்ந்த எல்லாருக்கும் உரியது என்று ஏற்றுக்கொண்ட தேசங்களில் பிரிட்டனும் ஒன்று. அங்கே 1908-ம் ஆண்டில் சட்டம் நிறைவேறி, 1909 ஜனவரி முதல் தேதியன்று, எழுபது வயதான ஏழைகள் தபாலாபீஸுக்குச் சென்று சர்க்கார் பென்ஷன் வாங்கத் தொடங்கினார்கள். வாரத்துக்கு அதிகபட்சம் 5 ஷில்லிங். 1948-ல் ஏழை என்று நிரூபிக்க வேண்டிய அவசியமின்றி, உழைக்கும் காலத்தில் சந்தா கட்டியவர்களுக்கெல்லாம் பென்ஷன் என்று ஏற்பட்டது. புதிய திட்டத்தின்படி 35 வருஷம் சந்தா கணக்கு உள்ளவர்களுக்கு, 2026 ஏப்ரல் முதல் வாரத்துக்கு 241 பவுன் 30 பென்ஸ் முழுப் பென்ஷன்.

இந்தத் தொகை வருஷந்தோறும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஏற்றத்தை அந்தத் தேசம் எத்தனை காலம் தாங்கும் என்பதுதான் இப்போது அங்கே பெரிய விவாதம்.

*

ஏற்றம் வந்த கதையைக் கேளுங்கள். 1980-ல் தாட்சர் அம்மையாரின் சர்க்கார், பென்ஷனுக்கும் தொழிலாளரின் சம்பளத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்து விட்டது. பிறகு பென்ஷன் விலைவாசியை மட்டும் பின்பற்றி ஏறியது. சம்பளங்களோ விலைவாசியை விட வேகமாக ஓடின. கிழவர்கள் வருஷத்துக்கு வருஷம் பின்தங்கினார்கள். 2000-ம் ஆண்டில் விலைவாசி மிகக் குறைவாக ஏறியிருந்தபடியால், கணக்குப் பிசகாமல் பென்ஷனை உயர்த்தினார்கள். எவ்வளவு தெரியுமா? வாரத்துக்கு 75 பென்ஸ்! முதியோருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த 75 பென்ஸை அந்நாட்டு அரசியல்வாதிகள் இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவேதான் 2010-ல் பதவிக்கு வந்த கூட்டு மந்திரிசபை "மூன்று பூட்டு" என்ற விதியைச் செய்தது. சம்பள உயர்வு, விலைவாசி உயர்வு, நூற்றுக்கு இரண்டரை என்ற இம்மூன்றில் எது அதிகமோ, அந்த அளவு ஒவ்வொரு வருஷமும் பென்ஷன் ஏறும். 2023-ல் விலைவாசி ஏறியதால் நூற்றுக்கு 10.1 உயர்ந்தது. 2024-ல் சம்பளம் ஏறியதால் 8.5. 2025-ல் 4.1. 2026-ல் 4.8. தொற்றுநோய்க் காலத்தில் சம்பளக் கணக்கு தாறுமாறானபோது, 2022-ல் மட்டும் ஒரு பூட்டைத் திறந்து வைத்து 3.1-ஓடு நிறுத்தினார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம் உண்டு.

சம்பளம் 100, விலைவாசி 100, பென்ஷன் 100 என்று வைத்துக் கொள்வோம். முதல் வருஷம் விலைவாசி நூற்றுக்கு 10 ஏறுகிறது. சம்பளம் 5 ஏறுகிறது. அடுத்த வருஷம் விலைவாசி 2, சம்பளம் 7. இரண்டு வருஷமும் கழிந்த பின் பார்த்தால் சம்பளமும் 112 சொச்சம். விலைவாசியும் 112 சொச்சம். பென்ஷனோ முதல் வருஷம் விலைவாசியோடு ஏறி, இரண்டாம் வருஷம் சம்பளத்தோடு ஏறி, 117 சொச்சத்தில் நிற்கிறது! உழைப்பவனுக்கும் கிடைக்காத, கடைக்காரனும் கேட்காத உயர்வு இது. இந்த ஏணியில் ஏறுவதற்குப் படிகள் உண்டு. இறங்குவதற்கு ஒரு படியும் கிடையாது. விலைவாசியும் சம்பளமும் எவ்வளவுக்கு எவ்வளவு தள்ளாடுகின்றனவோ, அவ்வளவுக்கு அவ்வளவு செலவு கூடும். அது எவ்வளவு கூடும் என்று எந்த நிதிமந்திரியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சர்க்காரின் வரவு செலவை ஆராய்வதற்கென்று அங்கே சுயேச்சையான காரியாலயம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலையில் அது வெளியிட்ட கணக்கின்படி, பென்ஷன் செலவு ஆண்டுக்குச் சுமார் 13,800 கோடி பவுன். அதாவது தேசத்தின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு. 2070-க்குப் பிறகு அது 7.7 ஆகக் கூடுமாம். மூன்று பூட்டினால் 2030-ஐ ஒட்டி ஏற்படும் அதிகச் செலவு மட்டும் ஆண்டுக்கு 1,550 கோடி பவுன். ஆரம்பத்தில் எதிர்பார்த்ததைப்போல் மூன்று மடங்கு!

*

"நான் கட்டிய சந்தாவை எனக்குத் திருப்பித் தருகிறார்கள், இதில் விவாதம் என்ன?" என்று ஒரு முதியவர் கேட்கலாம். அவர் கட்டியது உண்மை. ஆனால் அந்தப் பணம் பெட்டியில் இல்லை. அவர் கட்டிய காலத்திலேயே அது அன்றைய கிழவர்களுக்குச் செலவாகி விட்டது. இன்று அவருக்கு வருவது இன்றைய வாலிபர்கள் கட்டுவது.

அவிபக்த குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மகன் சம்பாதித்ததில் தகப்பனார் சாப்பிடுகிறார். நாளைக்குத் தன் மகன் தனக்குப் போடுவான் என்ற நம்பிக்கையில் மகன் மனமுவந்து போடுகிறான். சம்பாதிக்கும் கைகள் குறைந்து, உட்காரும் இலைகள் பெருகினால்தான் சங்கடம். பிரிட்டனில் அதுதான் நடக்கிறது. ஆயுள் நீண்டது, பிறப்பு குறைந்தது. ஆகையால் பென்ஷன் வயதைத் தள்ளிப் போடுகிறார்கள். 66-ஆக இருந்தது 2026-க்கும் 2028-க்கும் இடையில் 67 ஆகிறது. 2044-க்கு மேல் 68 ஆகும் என்று சட்டம் சொல்லுகிறது. மேஜைமுன் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது பெரிய கஷ்டமல்ல. செங்கல் சுமக்கிறவனுக்கு? ஏழைப் பேட்டைகளில் ஆயுளும் குறைவு. மூன்று பூட்டைக் காப்பாற்றுவதற்காக வயதை ஏற்றிக்கொண்டே போனால், ஏழைத் தொழிலாளியின் பென்ஷனை எடுத்து நீண்ட ஆயுளுள்ள செல்வருக்குக் கொடுத்ததாக முடியும்.

அப்படியானால் வருஷாந்தர உயர்வே வேண்டாமா? அதற்கும் கண்கண்ட பதில் நம் தேசத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் உழைத்துவிட்டு இந்தியாவுக்கோ, கனடாவுக்கோ, ஆஸ்திரேலியாவுக்கோ குடிபோனவர்களுக்கு அந்த உயர்வு கிடையாது. அமெரிக்காவுக்குப் போனால் உண்டு! 2000 ஏப்ரலுக்குப் பின் அவ்வருஷமே முழு அடிப்படைப் பென்ஷனோடு சென்னைக்குத் திரும்பிய ஒருவருக்கு அன்று வாரம் 67 பவுன் 50 பென்ஸ். இன்றும் அதே 67 பவுன் 50 பென்ஸ்தான். லண்டனிலேயே தங்கிய அவருடைய சகாவுக்கு 2026-ல் 184 பவுன் 90 பென்ஸ். இருவரும் கட்டிய சந்தா ஒன்றே. இந்தியாவில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்களின் பென்ஷன், இந்தியக் கஜானாவிலிருந்து கடல் கடந்து சென்ற காலத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. உயர்வில்லாத பென்ஷன் உருகும் பனிக்கட்டி என்பதற்கு இவர்களே சாட்சி.

*

ஆகவே, பென்ஷன் ஏறத்தான் வேண்டும். எதைப் பார்த்து ஏறுவது என்பதே கேள்வி. தேச வருமானத்தில் ஏழெட்டுப் பங்கு கொடுப்பது ஆகாத காரியமல்ல. பிரான்ஸும் இத்தாலியும் அதைவிட அதிகமாகவே கொடுக்கின்றன. எவ்வளவு என்று தீர்மானிக்காமலே வாக்குக் கொடுப்பதுதான் நிலைக்காது. சராசரிச் சம்பளத்தில் இத்தனை பங்கு முதியோருக்கு உரியது என்று பகிரங்கமாக நிர்ணயம் செய்யலாம். அதன்பின் சம்பளத்தோடு பென்ஷன் ஏறட்டும். விலைவாசி முந்திக் கொள்ளும் பஞ்ச வருஷத்தில் அதோடு ஏறட்டும். நல்ல காலம் திரும்பியதும் பழைய பங்குக்கு வரும்வரை பொறுக்கட்டும். கிழவரும் நடுத்தெருவில் நிற்கமாட்டார். வாலிபனும் தன் பாரம் இவ்வளவு என்று அறிந்து சுமப்பான்.

ஆனால் இதைச் சொல்லத் துணிகிறவர் யார்? முதியோர் தவறாமல் வோட்டுப் போடுகிறார்கள். வாலிபர் பலர் போடுவதில்லை. 2024 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் பூட்டைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தன. ஜயித்த கட்சி, குளிர்காலத்தில் கணப்புச் செலவுக்காக முதியோருக்குத் தரும் சிறு தொகையைப் பெரும்பாலோருக்கு நிறுத்திப் பார்த்தது. எழுந்த கூச்சலில், மறு வருஷமே பெரும்பாலோருக்குத் திருப்பிக் கொடுத்தது.

நம் தாத்தாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பென்ஷன் வந்ததும், "இந்த மாதம் வீட்டுச் செலவு எப்படியப்பா?" என்று மகனை விசாரித்த பிறகே மூக்குப்பொடிக்குக் காசு எடுப்பார். அந்த ஒரு கேள்வியை மூன்று பூட்டு கேட்பதில்லை.