காய்கறி விலையின் பருவ ஏற்றத்தாழ்வை அறிவது எப்படி?

கத்தரிக்காய் விலை ஏறியதைக் கண்டு நாற்று விடுவது புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை நம்பியிருக்கும் பாகூர், வில்லியனூர்ப் பகுதிச் சிறு விவசாயிகளுக்குப் பல சமயம் நட்டத்தையே தரும். நாற்றங்காலில் 30 முதல் 35 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு 55 முதல் 60 நாள் என, காய் வர மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் பருவம் மாறி, விலை இறங்கிவிடலாம். எந்த மாதத்தில் விலை வழக்கமாகக் கூடும் என்பதை ‘நகரும் சராசரி’ என்ற எளிய கணக்கினால் அறியலாம்.

விலைவாசி ஆண்டுக்காண்டு ஏறுவது ஒன்று. மழை, வரத்து, முகூர்த்தம் இவற்றால் ஏறி இறங்குவது மற்றொன்று. ஓராண்டு விலைக்குச் சராசரி எடுத்தால், எல்லாப் பருவங்களும் அதில் அடங்குவதால் ஏற்றமும் இறக்கமும் சரிக்கட்டிவிடும். எஞ்சுவது பொதுவான விலைப்போக்கு.

உதாரணமாக, ஜனவரி முதல் மூன்று மாதத்துக்கு ஒரு விலையாக, கிலோ முதலாண்டில் 16, 21, 20, 29 ரூபாய். மறு ஆண்டில் 20, 25, 24, 33 ரூபாய் என வைத்துக்கொள்வோம். முதல் நான்கின் சராசரி 21.50. முதலாவதை நீக்கி ஐந்தாவதைச் சேர்த்தால் 22.50. அடுத்தது 23.50. இவ்வாறு நகர்த்திச் செல்லவேண்டும். பின்னர், அடுத்தடுத்த இரு சராசரிகளைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். 22.50, 23.50 இரண்டுக்கும் நடு 23. இது முதலாண்டின் அக்டோபர்-டிசம்பருக்கு உரியது. அப்போதைய விலை 29. அதை 23 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 126. அதாவது, விலை பொதுப்போக்கைவிட 26 சதவீதம் அதிகம். அடுத்த ஜனவரி-மார்ச்சுக்கு இவ்வாறே கணக்கிட்டால் சராசரி 24, விலை 20. அதாவது 17 சதவீதம் குறைவு.

இந்த உதாரணத்தின்படி, கார்த்திகை விலையைக் கண்டு நாற்று விட்டவர் விலை குறைந்த மாசியில் காய் பறிப்பார். ஆடியில் நாற்று விட்டவருக்கு ஐப்பசியிலேயே காய் கிடைக்கும். ஆனால் மழையைத் தாங்க, நல்ல வடிகாலுள்ள மேட்டு நிலம் அவசியம்.

மண்டிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, மாதந்தோறும் சராசரி விலையைக் குறித்து வாருங்கள். மாத விலைக்குப் பன்னிரண்டு மாதச் சராசரி எடுக்கவேண்டும். ஐந்தாண்டுக் குறிப்பாவது இருப்பது நல்லது. 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே, 2024 நவம்பர் 30இல் கரை கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல் நேரத்து விலையை வழக்கமான பருவ விலையாகக் கொள்ளக்கூடாது. ஒரே மாதத்துக்குப் பல ஆண்டுகளில் கிடைத்த சதவீதங்களை வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்க. அதன்பிறகு, விலை ஏறும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்னதாக நாற்று விடுக.