மீன்தொட்டி மோட்டார் நின்றுவிட்டால்...?

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன் ஒரு நிமிடம் நின்று, "அடடா, இதைப் பார்த்துக்கிட்டே இருந்தா மனசு லேசாயிடும் போலிருக்கே!" என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். இந்தத் தொட்டியால் மனசு கனத்துப்போன நாட்களும் எனக்கு உண்டு என்று அவர்களுக்குத் தெரியாதல்லவா!

2014-ம் ஆண்டு தீபாவளிக்கு முந்தின வாரம். வீடு முழுக்க ஒட்டடை அடித்து, பரணைக் காலி செய்து, பாத்திரங்களைத் தேய்த்து முடித்தேன். மீன்தொட்டி மட்டும் அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும்? நான்கு தங்கமீன்களையும் பக்கெட்டில் விட்டேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கற்களை அரிசி களைவது போலப் பத்துத் தடவை களைந்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, புதிது போல வெளுக்க வைத்தேன். குழாய்த் தண்ணீரையே நிரப்பி மீன்களை விட்டபோது தொட்டி பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை!

அன்று சாயங்காலமே மீன்கள் சோர்ந்துபோயின. மறுநாள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்காம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. அப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. "நீ கழுவினதாலதாம்மா செத்துப் போச்சு" என்று ஒரே அழுகை. "சும்மா இரு, மோட்டார் கோளாறா இருக்கும்" என்று என் கணவர் எனக்காகப் பரிந்து பேசினார்.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கொளத்தூருக்குப் போனோம். சென்னையில் வண்ணமீன் கடைகளுக்குப் பேர்போன இடம் அதுதானே! கடைக்காரர் மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். நன்றாகவே ஓடியது. பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஸ்பாஞ்சை எந்தத் தண்ணியில அலசினீங்க, அக்கா?"

மகள் சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தொட்டியில் ஒரு சாமான் கெட்டுப்போவதால் மீன் சாவதைவிட, அவசரத்தில் நாம் செய்கிற காரியத்தால் சாவது அதிகம். அதனால் கெட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, என்ன செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஸ்பாஞ்சில் இருக்கும் உயிர்

மீன் வெளிவிடும் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நம் வீட்டுத் தயிருக்கு உறை எப்படியோ, அப்படித் தொட்டிக்கு இந்த பாக்டீரியா. பாத்திரத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு, உறையும் ஊற்றாமல், தயிர் தோயவில்லையே என்றால் எப்படி?

குழாய்த் தண்ணீரில் நம் நன்மைக்காகக் கலக்கும் குளோரின் இந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மீனின் செவுள்களையும் அரித்துவிடும். அன்று நான் இரண்டு தவறையும் ஒரே நாளில் செய்திருந்தேன்!

இப்போது என் வழக்கம் இதுதான்: வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மட்டும் ஒரு பக்கெட்டில் எடுக்கிறேன். அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு தடவை மெதுவாகப் பிழிகிறேன். பழுப்பு நிறம் முழுக்கப் போக வேண்டியதில்லை. சோப்பு, சோப்புத் தூள் பக்கமே போவதில்லை. ஊற்றுகிற தண்ணீரை முந்தின நாளே திறந்த பக்கெட்டில் பிடித்து வைத்து, மீன் கடையில் விற்கும் குளோரின் போக்கும் சொட்டு மருந்தையும் அளவாக விடுகிறேன். எடுத்த பழைய தண்ணீர் ரோஜாச் செடிக்கு. செடி எப்படிப் பூக்கிறது தெரியுமா!

ஃபில்டர் மோட்டார் உறுமினால்

ஃபில்டர் மோட்டார் "உர்ர்ர்" என்று சத்தம் போடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் உடனே புதிது வாங்கப் புறப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தால், காந்தத்தோடு சேர்ந்த ஒரு சின்ன விசிறி இருக்கும். அதைச் சுற்றிப் பாசியும், தலைமுடியும், சில சமயம் குட்டி நத்தையும் சிக்கியிருக்கும். அதைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் ஓடும். இந்த மோட்டாரைத் தண்ணீருக்கு வெளியே வைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. சூடேறி வீணாகிவிடும்.

காற்றுக் குமிழி குறைந்தால்

ஏர் பம்ப்பின் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு துடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் காற்றைத் தள்ளுகிறது. குமிழி குறைந்தால் முதலில் ட்யூப் முனையில் இருக்கும் கல்லைக் கழற்றிப் பாருங்கள். கல் இல்லாமல் காற்று வேகமாக வந்தால், அடைத்திருப்பது கல்தான். விலை மலிவு, மாற்றிவிடலாம். கல் இல்லாமலும் காற்று சோனியாக வந்தால் ட்யூப்பில் மடிப்போ ஓட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரப்பர் கிழிந்திருக்கும். பல பம்ப்புகளுக்கு ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

இதில் நான் பட்ட இன்னொரு அவஸ்தையையும் சொல்லிவிடுகிறேன். பம்ப்பைத் தொட்டிக்குக் கீழே ஸ்டூலில் வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு கரண்ட் போயிற்று. காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே ட்யூப் வழியாகக் கீழிறங்கி, பம்ப்பை நனைத்து, கூடம் முழுக்க ஓடியிருந்தது. நல்லவேளை, கரண்ட் வருவதற்கு முன் பார்த்துவிட்டேன்! பம்ப்பை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இடம் இல்லையென்றால் ட்யூப்பின் நடுவே ஒரு வழி வால்வு போடுங்கள். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. அதுதான் சரியாக மாட்டியதற்கு அடையாளம்.

ஹீட்டர் வேண்டுமா?

சென்னை வெயிலில் தங்கமீனுக்கு ஹீட்டரே தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் வெப்பநாட்டு மீன் வளர்ப்பவர்களுக்குத்தான் தேவை. லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் வாங்கினால் போதும். பெரியதாக வாங்கினால், அது அணையாமல் மாட்டிக்கொண்டுவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பேறிவிடும். அதனால் ஒரு வெப்பமானி கட்டாயம். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி விரிசல் விடும்.

தொட்டி கசிந்தால்

கோடையில் தண்ணீர் குறைவது சகஜம். ஆவியா, கசிவா என்று தெரிய வேண்டுமானால், தொட்டியின் அடி ஓரங்களில் செய்தித்தாளைச் சுற்றி வையுங்கள். காகிதம் நனைந்தால் கசிவுதான். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடும், ஃபில்டரோடும் ஒரு பிளாஸ்டிக் டப்பில் மாற்றிவிட்டு, கசியும் இடத்தில் பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்துப் புதிய சிலிக்கான் போட வேண்டும். பழையதன் மேலேயே பூசினால் சரியாக ஒட்டாது. மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கானாகக் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும். இரண்டு நாள் நன்றாக உலர்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

இரண்டடிக்கு ஓரடி, உயரம் ஓரடி தொட்டி நிறையத் தண்ணீர் விட்டால் சுமார் 56 லிட்டர். அதாவது 56 கிலோ! ஆடுகிற மேஜையில் வைக்கலாமா? சமமான, உறுதியான மேஜையில், அடியில் தெர்மோகோல் விரித்து வையுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில்

தண்ணீரும் கரண்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே! தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவது என் முதல் சட்டம். ஒயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற வேண்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வீட்டில் கசிவு மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போடுங்கள். தண்ணீரில் கை வைத்ததும் சுரீரென்றால் மெயினை அணையுங்கள். "மீன் நீந்திக்கிட்டுதானே இருக்கு" என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

தவழும் குழந்தை ஒயரைப் பிடித்து இழுக்கும். தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட் அதைவிட ஆபத்து. கதவு தாளிட்ட இடத்தில் வையுங்கள். கொசு முட்டையிடாமல் மேலே மெல்லிய துணி கட்டுங்கள்.

வர்தா புயல் தந்த பரீட்சை

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கிறதா? எங்கள் தெருவில் மரங்கள் விழுந்து கம்பங்கள் சாய்ந்தன. நான்காம் நாள்தான் கரண்ட் வந்தது. மிஞ்சிய இரண்டு மீன்களோடு இன்னும் இரண்டு சேர்த்திருந்தோம். மகள் அவற்றுக்கு அப்பளம், பூசணி என்றெல்லாம் பேர் வைத்திருந்தாள். இன்வெர்ட்டர் அன்று இரவே தீர்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. 2014 மறுபடி கண் முன்னால் வந்து நின்றது.

இந்தத் தடவை நான் பதறவில்லை. ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து காபி ஆற்றுவது போல ஊற்றினேன். தண்ணீர் விழும் வேகத்தில் காற்று கலக்கும். மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிடம். தீனியை அடியோடு நிறுத்தினேன். நன்றாக இருக்கும் பெரிய மீன் சில நாள் பட்டினி தாங்கும். தின்றால் கழிவு கூடி அம்மோனியாதான் ஏறும். மூடியைத் திறந்து வைத்தேன். போர் மோட்டாரும் ஓடாததால் வீட்டில் தண்ணீருக்கே பஞ்சம். முன்பே பிடித்து வைத்திருந்த ஒரு பக்கெட்டிலிருந்து தினம் கொஞ்சமாக மாற்றினேன்.

விடியற்காலை நாலு மணிக்குக் கண் சொக்கியது. "நீ போய்ப் படு. டம்ளரை இப்படிக் குடு" என்று கை நீட்டியது யார் தெரியுமா? "வாயில்லா ஜீவனைக் கண்ணாடியில அடைச்சு வச்சிருக்கீங்களே" என்று நாள் தவறாமல் முணுமுணுத்த என் மாமியார்தான்!

நான்காம் நாள் கரண்ட் வந்ததும் உடனே சுவிட்சைப் போடவில்லை. நின்றுபோன ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீர் கெட்டுப்போயிருக்கும். அதை வெளியே கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட்டேன். நான்கில் மூன்று பிழைத்தன. சின்ன மீன் ஒன்று போய்விட்டது. மகள் அழுதாள். ஆனால் இந்தத் தடவை என்னைக் குறை சொல்லவில்லை. "பாட்டிகூட முழிச்சிருந்தாங்களேம்மா" என்றாள்.

பிறகுதான் தெரிந்தது, நான்கு தங்கமீன்களுக்கு எங்கள் தொட்டியே சின்னது என்று. மீன் குறைவாக இருந்தால் கரண்ட் போனாலும் அதிக நேரம் தாங்கும். வெந்நீரைவிடத் தண்ணீரில்தான் பிராணவாயு அதிகம் தங்கும். அதனால் கோடை கரண்ட் கட்டில் இன்னும் கவனம் வேண்டும். தொட்டியில் ஐஸ்கட்டியைக் கொட்டாதீர்கள். உறைய வைத்த சின்னத் தண்ணீர் பாட்டிலை மிதக்க விட்டு மெதுவாக ஆறவிடுங்கள்.

இன்று எங்கள் வீட்டு மேஜை டிராயரில் ஒரு பேட்டரி ஏர் பம்ப், புதிய செல்கள், இரண்டு கற்கள், ஒரு வால்வு, ஒரு ரப்பர் சவ்வு, சொட்டு மருந்து இவை எப்போதும் இருக்கும். மருந்துப் பெட்டி போலத்தான். தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளே, இன்றே ஒரு டிராயரைக் காலி செய்யுங்கள். தீபாவளிக்கு வீட்டைப் பளபளப்பாக்குங்கள். மீன்தொட்டியை மட்டும் கொஞ்சம் அழுக்காகவே விட்டுவையுங்கள்!