நீர்வண்ணச் சித்திரமும் தோல் வச்சிரமும்

ஸ்காட்லாந்துச் சித்திரக்காரரான டேவிட் ராபர்ட்ஸ், 1838-ஆம் ஆண்டின் இறுதியில், கெய்ரோ நகரத்துப் பள்ளிவாசல்களுக்குள் அமர்ந்து படம் எழுத அனுமதி பெற்றபோது, பன்றிமயிர்த் தூரிகையை உள்ளே கொண்டுவரலாகாது என்ற நிபந்தனையும் உடன் விதிக்கப்பட்டது. அவர் கலைக்கு அதனால் குறைவொன்றும் நேரவில்லை. முரட்டுப் பன்றிமயிர் தைலவண்ணத்துக்கு வேண்டுவது, நீர்வண்ணத்துக்கு உகந்தது மெல்லிய மயிரே. கெய்ரோப் பள்ளிவாசல்களின் உட்புறங்களை அவர் தீட்டிய சித்திரங்கள், 1846 முதல் 1849 வரை லண்டனில் அச்சான எகிப்து-நூபியா தொகுதிகளால் உலகறிந்தன. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1789-இல், ஆங்கிலச் சித்திரக்காரர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரன் மகன் வில்லியமும் டில்லி ஜும்மா மசூதியை வரைந்திருந்தனர்.

உயர்ந்த மண்டபத்தின் இருளும், சாளரத்தின் வழியே தூணில் விழும் ஒளியும் வெறும் நீரில் கரைத்த வண்ணத்தால் எவ்வாறு புலப்படுகின்றன? வேலமரப் பிசினில் குழைத்த வண்ணப்பொடியை மெல்லிய படலங்களாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகப் பூசுந்தோறும் நிழல் ஆழ்ந்துகொண்டே போகும். ராபர்ட்ஸ் வெள்ளை வண்ணத்தையும் பயன்படுத்தினார். எனினும் தூய நீர்வண்ண மரபில் ஒளி என்பது தூரிகை தொடாது விட்ட காகிதமேயாகும்.

அக்காகிதத்தின் ரகசியம் நம் வாலாஜாபேட்டை வட்டாரத்தார்க்குப் புதிதன்று. பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை, தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சீவும்போது கழியும் துண்டுகளைக் காய்ச்சினால் வச்சிரம் என்னும் பசை கிடைக்கும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான தோலோ எவ்வளவு காய்ச்சினும் அவ்வாறு கரையாது. ஆகவே கழிவு பதனிடுமுன் எடுத்ததாயிருத்தல் அவசியம். அதே இனத்து வச்சிரத்தைத் தூய்மை செய்து, அக்கரைசலில் காகித ஆலைக்காரர் காகிதத்தைத் தோய்த்து உலர்த்தினார்கள். வச்சிரம் ஏறாத காகிதத்தில் வண்ணம் உடனே உள்ளே இறங்கிப் பரவிவிடும். ஏறியதிலோ மேற்பரப்பிலேயே தங்கும், ஈரத்தூரிகையால் துடைத்து மீண்டும் வெளிச்சத்தை வெளிக்கொணரவும் இடங்கொடுக்கும். வாட்மன் என்னும் ஆங்கிலேயரின் ஆலைக் காகிதத்தைச் சித்திரக்காரர்கள் விரும்பித் தேடியதற்கு இந்த உறுதியே முக்கிய காரணம் என்பது என் துணிபு.

ஆனால் ஈரக்காற்றில் இந்த வச்சிரத்தின்மேல் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் வண்ணமும் வெளுக்கும். முன்னோர் வைத்துப்போன நீர்வண்ணப் படம் உங்கள் வீட்டில் இருக்குமானால், அதை வெயில் படும் சுவரிலிருந்து இன்றே இறக்கி, ஈரமற்ற நிழலான இடத்தில் வையுங்கள்.