நாலு ஜிபி கார்டும் முப்பது ஹெர்ட்ஸும்

பாய், டீ ஆறுவதற்குள் குடியுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு கெட்டுப்போகவில்லை. புது 4கே மானிட்டரிலும் கோளாறு இல்லை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டு விட்டு வருகிறது என்கிறீர்களே, அது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழியின் பிரச்சினை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ பேட்டர்ன் போடுகிறவர்கள் 4கே திரைக்கு ஆசைப்படுவதை நான் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். ஒரே பேட்டர்னை எல்லா சைஸுக்கும் ஆக்குகிற கிரேடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 36-லிருந்து 42 வரை ஏழு சைஸும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு கோடாக நிற்கும். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அகலவாக்கில் இன்னும் குறைவு. 27 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியே 0.31 மில்லிமீட்டர் இருக்கிறது. எல்லா பீஸும் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று படத்தைச் சுருக்கினால், பக்கவாட்டில் ஏழு கோடும் ஒட்டிப்போய் ஒரே தடித்த கோடாகிவிடும். அதே அளவு 4கே திரையில் புள்ளி 0.16 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடுகள் பிரிந்து நிற்கும். நாளெல்லாம் ஜூம் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 4கே திரையின் அகலத்தில் 3840 புள்ளி, உயரத்தில் 2160. பெருக்கினால் சுமார் 83 லட்சம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். இந்த மொத்தப் படத்தையும் விநாடிக்கு 60 தடவை அனுப்பினால்தான் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகும். படத்துக்கு மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட் ஆகிறது. நடுவில் விடுகிற இடைவெளிகளையும் சேர்த்தால் 14-ஐத் தாண்டிவிடும். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-ல் படத்துக்குக் கிடைப்பது 8 கிகாபிட்டுக்குச் சற்று மேலே. அதனால்தான் உங்கள் கார்டு 60-ஐ 30 ஆக்கிவிட்டது. 2013-ல் எச்டிஎம்ஐ 2.0 வந்த பிறகுதான் 60 சரளமானது. எரிச்சல் என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஓட்டையும் அச்சு அசல் ஒன்றே.

கடையில் "4 ஜிபி கார்டு, 4கே ஓடும்" என்று சொல்லியிருப்பார்கள். ஓடும்தான், 30-ல். ஜிபி என்பது மாடித்தொட்டி; போர்ட் என்பது பைப். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அரை இன்ச் பைப்பில் வருவது அரை இன்ச் தண்ணீர்தான். ஒரு முழு 4கே படத்தை வைத்துக்கொள்ள 33 எம்பி போதும், அதாவது ஒரு ஜிபியில் முப்பதில் ஒரு பங்கு. 4 ஜிபி போட்டு விற்கிற ஜிடி 730-ல் இருப்பது பழைய 1.4. 2017-ல் வந்த ஜிடி 1030-ல் 2 ஜிபிதான், ஆனால் 2.0 இருக்கிறது. சுமார் 30 வாட்தான் இழுக்கும். தனி பவர் கேபிளும் கேட்காது. சின்னப் பெட்டி என்றால் குட்டைப் பட்டையோடு வருகிற மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் பெட்டியின் பின்பக்கம் ஒரு தடவை பாருங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற, கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டிலேயே டிஸ்ப்ளே போர்ட் இருக்கும். செவ்வகமாக, ஒரு மூலை மட்டும் சீவினாற்போல் இருக்கும் ஓட்டை அது. டிஸ்ப்ளே போர்ட் 1.2-ல் படத்துக்கு 17 கிகாபிட் கிடைக்கும். 2013-ல் வந்த நாலாம் தலைமுறை இன்டெல் கோர் சிப்களே அந்த வழியில் 4கே-யை 60-ல் அனுப்பும். கார்டே தேவைப்படாமல் போகலாம். ஒரு கேபிள் செலவோடு முடிந்துவிடும்.

கேபிள் என்றதும் இன்னொன்று. டிஸ்ப்ளே போர்ட்டை எச்டிஎம்ஐ ஆக்குகிற மலிவான கன்வெர்ட்டரை நடுவில் சொருகினால் மறுபடி 30-க்கே வந்து நிற்பீர்கள். 60 வேண்டுமென்றால் ஆக்டிவ் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். இருபுறமும் டிஸ்ப்ளே போர்ட் உள்ள நேர் கேபிள் அதைவிட மேல். மாட்டிய பிறகு விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் போய் ரெஃப்ரெஷ் ரேட் 60 காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லையென்றால் மானிட்டரின் சொந்த மெனுவைத் தட்டுங்கள். சில மானிட்டர்கள் பழைய எச்டிஎம்ஐ 1.4 முறையிலேயே செட் ஆகி வரும்; அங்கே மாற்றினால் கதவு திறக்கும்.

60 காட்டியும் உஷாராக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில பழைய என்விடியா கார்டுகள் 1.4 வழியாகவே 60 கொடுக்கும். நிறத் தகவலைக் குறைத்து, நாலு புள்ளிக்கு ஒரே நிறம் என்று சேர்த்து அனுப்பும் வித்தை அது. சினிமாவில் கண்ணுக்கே தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கோடு போட்டுப் பாருங்கள், ஓரம் கரைந்தாற்போல் இருக்கும். தையல் கோடும் மடிப்புக் கோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற உங்கள் வேலைக்கு அது ஆகாது. கார்டின் கன்ட்ரோல் பேனலில் நிறம் ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும்.

மானிட்டரைத் திருப்பிக் கொடுக்க முடியுமென்றால், 27 இன்ச்சில் 2560-க்கு 1440 ஒன்றைப் பாருங்கள் என்பேன். அது எச்டிஎம்ஐ 1.4 வழியாகவே 60-ல் ஓடும், எழுத்தையும் பெரிதாக்க வேண்டியதில்லை. 4கே-யில் விண்டோஸை 150 சதவீதத்துக்கு ஏற்றினால்தான் படிக்க முடியும். பழைய பேட்டர்ன் சாஃப்ட்வேர் அதைக் கண்டுகொள்ளாமல் ஐகானைக் கடுகளவு காட்டும். அப்போது டெஸ்க்டாப்பில் அந்த சாஃப்ட்வேரைத் திறக்கிற ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி என்று போய், உயர் டிபிஐ அமைப்பில் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம்.

கார்டின் பலம் நிஜமாகவே தேவைப்படுவது லாஸ்டை, அதாவது ஷூ அச்சை, முப்பரிமாணத்தில் சுழற்றும்போதுதான். ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு புள்ளி. 1030 அங்கே திணறும். அந்த ஜன்னலை மட்டும் கால்வாசித் திரைக்குச் சுருக்கி வைத்துச் சுழற்றுங்கள்.