ஒரு வோல்ட்மீட்டரும் மூன்று பேஸ்களும்

கூட்டுறவு நீரேற்றுப் பாசனச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசீலித்தபோது, ஒரே பருவத்தில் மோட்டார் காயில் சுற்றிய கூலிக்கு இரண்டு வவுச்சர்கள் இருக்கக் கண்டேன். தண்ணீர் நின்ற நாட்களில் அங்கத்தினர்களின் நாற்று வாடிய நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. காரியதரிசியை விசாரித்ததில், "மூன்று பேஸும் இருப்பதை ஸ்விட்சைத் திருப்பிப் பார்த்த பின்னரே மோட்டாரைப் போட்டோம்" என்றார். அவர் பார்த்தது மெய்யே. ஸ்விட்ச் காட்டியதுதான் மெய்யன்று.

பம்பு ஷெட்டுப் பலகையில் வோல்ட்மீட்டர் ஒன்றே உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய பேஸ்களை இவ்விரண்டாக அதனுடன் இணைப்பது செலக்டர் ஸ்விட்சின் வேலை. சிவப்பு–மஞ்சள், மஞ்சள்–நீலம், நீலம்–சிவப்பு என்னும் மூன்று நிலைகளிலும் ஏறத்தாழ 415 வோல்ட் காட்ட வேண்டும். மோட்டார் ஓடாதபோது நீலம் அற்றிருந்தால், முதல் நிலையில் மட்டுமே முள் ஏறும்.

ஸ்விட்சினுள் எந்த நிலையில் எந்தக் கான்டாக்ட் ஜோடி மூடும் என்பதை, உடன் வரும் அட்டவணை பெருக்கல் குறிகளால் காட்டும். எண் வரிசை எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றாயிராது. இங்கோ, பழைய ஸ்விட்ச் கருகியதும் வேறு தயாரிப்பை வாங்கி, கம்பிகளைப் பழைய எண்களிலேயே மாட்டியிருந்தார்கள். இரண்டு நிலைகளில் முள் அசையவில்லை. அட்டவணையைப் பாராமல், துண்டுக் கம்பிகளால் கான்டாக்டுகளைப் பிணைத்து முள்ளை ஏறச் செய்துவிட்டார் பழுது பார்த்தவர்! விளைவு, எந்த நிலையிலும் மீட்டருக்குச் சென்றவை சிவப்பும் மஞ்சளுமே. நீல பேஸ் அற்றபோதும் மூன்று நிலைகளிலும் 415 நின்றது. ஒரு பேஸ் இல்லாவிடில் நிற்கும் மோட்டார் சுழலாது, உறுமிச் சூடேறும். தடுக்கவேண்டிய ஓவர்லோடு ரிலே அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டிருந்தது, அது தனிக்கதை.

பலகையைத் திறப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. பஞ்சாயத்தார் உடனிருந்து கேட்க வேண்டியவை சில உண்டு. கம்பி மாட்டுமுன், ஒவ்வொரு நிலையிலும் மூடும் ஜோடிகளை பேட்டரி விளக்கால் கண்டு குறித்துக்கொண்டாரா? முந்தைய கான்டாக்ட் திறந்த பின்னரே அடுத்தது மூடுகிறதா? இல்லையேல் இரண்டு பேஸ்கள் உள்ளேயே முட்டிக்கொள்ளும். மீட்டருக்குச் செல்லும் மூன்று கம்பிகளுக்கும் தனித்தனியே சிறு பியூஸ் உண்டா?

இணைப்பு முடிந்ததும், மெயினை நிறுத்திச் சிவப்பின் சிறு பியூஸைக் கழற்றி, மோட்டாரை ஓட்டாமல் மெயினை மட்டும் போட வேண்டும். மஞ்சள்–நீலம் நிலையில் மட்டுமே முள் ஏறவேண்டும். சிவப்பை மாட்டிவிட்டு மஞ்சளையும், பின்னர் நீலத்தையும் இவ்வாறே பார்க்கவேண்டும். அந்தச் சங்கத்தில் நீல பியூஸைக் கழற்றிய பின்னும் மூன்று நிலைகளிலும் முள் 415-இல் நின்றதைக் காரியதரிசியே கண்டார். துண்டுக் கம்பிகள் அன்று மாலையே அகற்றப்பட்டன.