முள்ளந்தண்டின் பக்கவளைவு

வகுப்பறையிலே ஒரு தோள் தாழ நிற்கும் பிள்ளையை நோக்கி, "நேராக நில்" என்று அதட்டாத ஆசிரியர் அரியர். வீட்டிலே பெற்றோரும் அவ்வாறே கூறுவர். பெரும்பாலும் அச்சொல் பொருத்தமானதே. எனினும், எத்துணை முயன்றும் நேராக நிற்கவியலாத பிள்ளைகளும் உளர். அதற்கு ஏது சோம்பலன்று. முள்ளந்தண்டின் பக்கவளைவு என்னும் நோயாகும். மேனாட்டு மருத்துவர் இதனை ஸ்கோலியோசிஸ் என வழங்குவர். பிள்ளைகளோடு நாள்தோறும் பழகுவோர் இதனை அறிந்திருத்தல் கடனாதலின், இவ்விழாமலரில் இதுபற்றிச் சிறிது விளக்க விழைகின்றோம்.

எமது முள்ளந்தண்டு கழுத்தில் 7, மார்பில் 12, நாரியில் 5 ஆக 24 தனித்தனி முள்ளென்புகளையும், அவற்றின் கீழே ஒன்றோடொன்று இணைந்த என்புகளையும் உடையது. பக்கத்தில் நின்று நோக்கின் அது இயல்பாகவே வளைந்து தோன்றும். பின்னின்று நோக்கின் நேராகத் தோன்றுதல் வேண்டும். அங்ஙனமன்றி, இடமாகவோ வலமாகவோ 10 பாகையேனும் வளைந்திருப்பின் அது பக்கவளைவாகும். தமிழிலே கூன் என்பது முதுகு முன்னோக்கி வளைதல். இஃது அதனின் வேறு. இந்நோயிலே என்புகள் வளைவதோடு அமையாது முறுகவுஞ் செய்கின்றன. அவற்றோடு விலாவென்புகளும் திரும்புதலால், முதுகின் ஒருபுறம் புடைத்தெழுகின்றது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரிடம் இது காணப்படும். சிறு வளைவு ஆண் பெண் இருபாலார்க்கும் உண்டு. அது பெரிதாக வளர்வது பெண்பிள்ளைகளிடமே மிகுதி. பெரும்பாலானோர்க்குக் காரணம் இன்னதென்று அறியப்படவில்லை. குடும்பத்தில் ஒருவர்க்கு இருப்பின் ஏனையோர்க்கும் வரும் வாய்ப்பு மிகும். பாரமான புத்தகப்பை முதுகுநோவைத் தரலாம். ஆயின், இவ்வளைவை அது உண்டாக்குகின்றதென நிறுவப்படவில்லை.

இந்நோய் பெரும்பாலும் நோவின்றியே வளர்வதால், பிள்ளை தானாக முறையிடாது. காண்பவரே காணல் வேண்டும். ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு தோட்பட்டை துருத்தியிருத்தல், இடுப்பின் இருபுறமும் ஒவ்வாதிருத்தல், சீருடையின் கீழ்விளிம்பு சரிந்து தொங்குதல் ஆகியன அடையாளங்கள். ஐயம் எழுந்தால், இலண்டன் மாநகரச் சத்திரசிகிச்சை வல்லுநர் வில்லியம் அடம்ஸ் பெயரால் வழங்கும் எளிய சோதனையைச் செய்யலாம். அவர் 1865இல் முள்ளந்தண்டு வளைவு பற்றிய தம் நூலை வெளியிட்டவர். பிள்ளை பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடியாது, கைகளைக் கூப்பித் தொங்கவிட்டு, முதுகு கிடையாகும்வரை குனியவேண்டும். நாம் பின்னின்று நோக்குங்கால் முதுகின் ஒருபுறம் மேடாகத் தெரியின், மருத்துவரை நாடவேண்டும். வெறும் பழக்கத்தால் சரிந்து நிற்பவர்க்கு என்புகள் முறுகாமையால் இம்மேடு தோன்றாது. இரவில் எழுப்பும் நோவு, கால் வலுவிழத்தல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று உடனிருப்பின் தாமதம் கூடாது.

மருத்துவர் பிள்ளையை நிற்கச்செய்து எக்ஸ்றே படம் எடுப்பர். அதில் வளைவின் கோணத்தை அளக்கும் முறையை 1948இல் நியூயோர்க் மருத்துவர் ஜோன் கொப் வகுத்துரைத்தார். ஏறத்தாழ 25 பாகைக்கு உட்பட்ட வளைவாயின், சில திங்களுக்கொருமுறை பார்த்துவருதல் பெரும்பாலும் போதும். 25 முதல் 45 பாகை வரையாகி, வளர்ச்சியும் எஞ்சியிருப்பின், மேலுடலைப் பற்றிநிற்கும் பிளாஸ்டிக் கவசம் அணிவிப்பர். 45, 50 பாகையைக் கடந்தால் உலோகத்தண்டு பொருத்தி என்புகளை இணைக்கும் சத்திரசிகிச்சையை ஆராய்வர். எண்ணெய் பூசி உருவுதல் தசைநோவை ஆற்றலாம். முறுகிய என்பைத் திருப்பாது. உடற்பயிற்சி நன்றே, ஆயின், அதனை மட்டும் நம்பிக் காலம் போக்கலாகாது.

கவசத்தின் பயனை 2013இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையை எட்டாமற் காக்கப்பட்டோர், கவசம் அணிந்தவருள் நூற்றுக்கு 72 பேர். அணியாதவருள் 48 பேர். நாளொன்றுக்குக் கூடிய நேரம் அணிந்தோர் கூடிய பயன் பெற்றனர். கவசம் பெரும்பாலும் இருந்த வளைவை நிமிர்த்துவதில்லை. மேலும் வளராது தடுப்பதே அதன் தொழில். வளர்ச்சி முடிந்தபின் அதனால் பயனில்லை. ஆகவே, காலத்தே காணாத வளைவு கைநழுவிய வாய்ப்பாகும்.

கவசம் அணிந்து வரும் பிள்ளை சகமாணவரின் ஏளனத்துக்கு அஞ்சி அதனைக் கழற்றிவைப்பின், மருத்துவர் செய்த முயற்சி வீணாகும். அவ்வேளனம் எழாமற் காப்பது ஆசிரியர் கடன். உடன்பயிலும் மாணவர் கடனுமாகும். எம் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் பாட்டனாராயும் விளங்குகின்றனர். அன்னார் தம் இல்லத்துப் பிள்ளைகளை, அவர்கள் வளரும் ஆண்டுகளில், ஆண்டுக்கொரு முறையேனும் குனியச்செய்து பார்ப்பாராக. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். வளருங்காலத்தில் தடுக்காத முள்ளந்தண்டின் வளைவும் வளர்ந்தபின் எளிதில் நிமிராது.